ஓடவும் வேண்டும்... ஒட்டவும் வேண்டும்!

கார் டயர் வாங்கும்போது ஆயுளைப் பார்ப்பதா, ஓட்டும் சுகத்தைப் பார்ப்பதா? பாப்பாரப்பட்டிச் சாலைகள் சொல்லும் பதில்

தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி என்றதும் நினைவுக்கு வருபவர் தியாகி சுப்பிரமணிய சிவா. தொழுநோயைக் காரணம் காட்டி, ரயிலில் ஏறக் கூடாது என்று ஆங்கிலேய அரசு அவரைத் தடுத்தது. அவர் ஓயவில்லை. கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய் விடுதலையைப் பேசினார். 1925 ஜூலை 23 அன்று அவர் உயிர் பிரிந்தது இதே பாப்பாரப்பட்டியில்தான். அவருடைய நினைவிடத்தைப் பார்க்க இன்று காரில் வந்து இறங்குகிறவர்கள், அந்தக் காலத்துக் கட்டை வண்டியின் சக்கரத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

மரத்தில் இழைத்த சக்கரம். அதைச் சுற்றிப் பழுக்கக் காய்ச்சி இறக்கிய இரும்புப் பட்டை. வருடக்கணக்கில் ஓடினாலும் லேசில் தேயாது. ஆனால் பாதையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும், உட்கார்ந்திருப்பவரின் இடுப்பில் வந்து இறங்கும். பின்னாளில் டயர் வண்டி வந்தது. அதே மாடுகள் கூடுதல் பாரம் இழுத்தன. வண்டி அலுங்காமல் போனது. பதிலுக்கு டயர் தேய்ந்தது, பஞ்சர் ஆனது. என்றாலும் விவசாயிகள் டயர் வண்டிக்கே மாறினார்கள்.

தேயாத சக்கரம் சுகம் தராது. சுகம் தரும் சக்கரம் தேயாமல் இருக்காது. இன்று கார் டயர் வாங்கப் போகும் ஒவ்வொருவர் முன்னாலும் நிற்பது அதே பழைய கணக்குதான். டயர் கடையில் நாம் முதலில் கேட்பது, ‘எத்தனை கிலோமீட்டர் ஓடும்?’ என்பது. அடுத்து, ‘விலை எவ்வளவு?’ என்பது. ‘மழையில் பிரேக் போட்டால் எப்படி நிற்கும்?’ என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும் என்பதற்கான காரணங்களைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஒரே ஊர், நான்கு விதச் சாலை

டயரைப் பற்றிப் பேசப் பாப்பாரப்பட்டி பொருத்தமான ஊர். இங்கிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் சாலை வேறு முகம் காட்டும்.

தோட்டத்துக்கும் கொல்லைக்கும் போகும் பாதைகளில் ஜல்லியும் மண்ணும் கூர்க்கற்களும் கிடக்கும். அங்கே டயரின் பக்கச் சுவர் வெட்டுப்படாமல் தாங்க வேண்டும். தர்மபுரிக்கோ பாலக்கோட்டுக்கோ போகும் தார்ச்சாலையில் பேருந்து, டிராக்டர், வேகத்தடை, குறுக்கே வரும் ஆடு மாடு என்று பிரேக்குக்கு ஓயாத வேலை. தர்மபுரியைத் தொட்டுவிட்டால், ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. வார இறுதியில் பெங்களூருவிலிருந்தும் ஓசூரிலிருந்தும் ஊர் திரும்பும் பிள்ளைகள், வெயிலில் காய்ந்த அந்தச் சாலையில் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் வருவார்கள். அங்கே டயருக்குச் சூடுதான் எதிரி.

நான்காவது, மலை. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் காட்டுப் பாதையில் வளைவுக்குப் பின் வளைவு. சேலம் பக்கம் போனால் தொப்பூர் கணவாய். அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகளைப் பற்றி நாளிதழில் படிக்காத தர்மபுரிக்காரர் இருக்க மாட்டார்.

ஆக, இந்த ஊரில் ஒரு கார் வைத்திருப்பவருக்கு ஒரே டயர் நான்கு வேலை செய்ய வேண்டும். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் எந்த டயரும் சமாளித்துவிடும். சோதனை வருவது சில நிமிடங்களில்தான். மாதக்கணக்கில் காய்ந்த சாலையில் படிந்த எண்ணெய், ரப்பர் தூள், புழுதி எல்லாம் முதல் கோடை மழையில் ஊறி வழுக்கும் பசையாகும் அந்த நேரம். அப்போது ஒகேனக்கல் இறக்கத்தில் எதிரே ஒரு பேருந்து திரும்பினால், அந்த நேரம். டயரைத் தேர்ந்தெடுப்பது என்றால் அந்தச் சில நிமிடங்களுக்காகத் தேர்ந்தெடுப்பதுதான்.

உள்ளங்கை அளவு பிடி

ஆயிரம் கிலோ எடையுள்ள காரைச் சாலையோடு பிணைத்து வைத்திருப்பது நான்கு உள்ளங்கை அகல ரப்பர். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் அவ்வளவுதான். பிரேக் பெரிதாக இருக்கலாம், எஞ்சின் பலமாக இருக்கலாம். எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் தரைக்குப் போயாக வேண்டும்.

ரப்பர் எப்படிப் பிடிக்கிறது? சாலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மேடு பள்ளங்கள் உண்டு. மென்மையான ரப்பர் அவற்றுக்குள் அமுங்கிப் படிகிறது. அமுங்கி மீளும்போது கொஞ்சம் ஆற்றலை விழுங்கிச் சூடாக மாற்றுகிறது. பிடிமானத்தில் அந்த விழுங்கலுக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆனால் அதே குணம், கார் நேராக உருளும்போது பெட்ரோலையும் விழுங்கும். மென்மை கூடினால் தேய்மானமும் கூடும். ரப்பரைக் கடினமாக்கினால் ஆயுள் நீளும்; ஈரச் சாலையில் பிடி தளரும். ஈரப் பிடிமானம், உருளும் எளிமை, நீண்ட ஆயுள் ஆகிய மூன்றையும் டயர் பொறியாளர்கள் ஒரு முக்கோணமாகப் பார்ப்பார்கள். ஒரு மூலையை இழுத்தால் மற்ற மூலைகள் சுருங்கும்.

இந்த முக்கோணத்தைப் பெரிதாக்கியது சிலிக்கா. காலங்காலமாக டயருக்குக் கறுப்பு நிறமும் உறுதியும் கொடுத்துவந்தது கார்பன் பிளாக் என்னும் கரித்தூள். அதன் ஒரு பகுதிக்குப் பதில் சிலிக்காவைக் கலந்து, பிடியை இழக்காமல் எரிபொருளை மிச்சப்படுத்தும் கார் டயரை 1992-ல் பிரான்ஸின் மிஷெலின் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நல்ல கார் டயர்கள் பலவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. அதனால் நம் அப்பா காலத்தைப் போல ஆயுளா, பிடியா என்று ஒன்றை முழுதாகக் கைவிட வேண்டியதில்லை. ஆனாலும் முக்கோணம் இன்னும் முக்கோணம்தான். எல்லாவற்றிலும் முதலிடம் பிடிக்கும் டயர் உலகில் கிடையாது.

பலூனிலிருந்து பந்தயத் தடம் வரை

டயர் தயாரிப்பில் தமிழ்நாட்டுக்குப் பெரிய கதை இருக்கிறது. 1946-ல் சென்னை திருவொற்றியூரில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை ஒரு சிறு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் தேய்ந்த டயருக்கு மறு ஆயுள் தரும் ட்ரெட் ரப்பர். 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் நிறுவனத்தோடு கைகோத்து டயர். அதுதான் எம்.ஆர்.எஃப்.; மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. இன்று அரக்கோணத்திலும் பெரம்பலூரிலும் அதன் ஆலைகள் இருக்கின்றன. ஒரகடத்தில் அப்போலோ, தேர்வாய் கண்டிகையில் மிஷெலின், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் சியட், ஜே.கே. டயர் என்று ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. தர்மபுரிக் கடையில் அடுக்கியிருக்கும் டயர்களில் பல, நம் மாநிலத்திலேயே வார்த்தவையாக இருக்கக்கூடும்.

ஓட்டும் சுகத்துக்கும் நமக்கு ஒரு மரபு உண்டு. பழைய விமான ஓடுதளமான சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்க்கக் கூட்டம் அலைமோதிய காலம் இருந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவு வெளிச்சத்தில் சீறின.

பந்தயத் தடம் ஒரு பாடம் சொல்கிறது. ஃபார்முலா 1-ல் ஒரே நிறுவனம், ஒரே அளவில், மென்மை, நடுத்தரம், கடினம் என மூன்று வகை டயர்களை ஒவ்வொரு பந்தயத்துக்கும் கொண்டுவருகிறது. மென்மையானது பசைபோல் ஒட்டும், சீக்கிரம் சாகும். கடினமானது நெடுநேரம் தாங்கும், வேகம் குறையும். ஆனால் கோப்பை எப்போதும் மிக மென்மையான டயருக்குப் போவதில்லை. தடத்தையும் வெயிலையும் பார்த்துச் சரியான டயரை மாட்டி, அதைப் பதமாக ஓட்டியவருக்குப் போகிறது. டயரைப் ‘பார்த்துக்கொள்வது’ பந்தய வீரனுக்கே ஒரு கலை என்றால், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற நமக்கு?

பக்கச் சுவரில் எழுதிய ஜாதகம்

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் தவிரும்.

185/65 ஆர்15 88 எச் என்று இருக்கிறதா? 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ‘ஆர்’ என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது தாங்கும் எடைக்கான குறியீடு. ஒரு டயருக்கு 560 கிலோ. ‘எச்’ என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். ‘டி’ என்றால் 190.

நான்கு இலக்க எண் ஒன்று தனியாக ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2324 என்றால் 2024-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. ரப்பர் ஓடாமல் இருந்தாலும் கிழடு தட்டும். கடையில் நெடுநாள் கிடந்த டயரைப் புதியது என்று வாங்கிவிடாமல் காப்பது இந்த எண்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள், இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம்.

சில டயர்களில் ‘ட்ரெட்வேர்’ என்று ஓர் எண் இருக்கும். அது அமெரிக்க அளவுமுறை. 100 என்பது ஒப்பீட்டு டயர். 400 என்றால் சோதனைத் தடத்தில் அதைப்போல் நான்கு மடங்கு உழைத்தது என்று பொருள். அருகிலேயே ‘ட்ராக்‌ஷன்’ என்று ஏஏ, ஏ, பி, சி எழுத்துகளில் ஒன்று இருக்கும். அது ஈரச் சாலையில் நேராகப் பிரேக் பிடிக்கும் தரம். ட்ரெட்வேர் எண்ணைத் தயாரிப்பாளரே தருவதால், ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிடத்தான் அது நன்கு உதவும்.

பெயர்களிலும் குறிப்பு இருக்கிறது. அப்போலோவில் ‘அமேசர்’ நீண்ட ஆயுளுக்கு, ‘அல்நாக்’ பிடிமானத்துக்கு. சியட்டில் ‘மைலேஸ்’ பெயரிலேயே மைலேஜ். ‘செக்யூராடிரைவ்’ பிடிமானத்துக்கும் சொகுசுக்கும். ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் இப்படி இரண்டு மூன்று வரிசைகள் வைத்திருக்கின்றன. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, ‘இந்தக் கம்பெனியில் ஆயுளுக்கு எது, பிடிக்கு எது, இரண்டுக்கும் நடுவில் எது?’ என்பதைத்தான்.

பதினேழு பைசா கணக்கு

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு டயர்கள் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடினமான டயர் 60,000 கிலோமீட்டர் ஓடுகிறது. பிடிமானம் கூடிய டயர் 40,000. கிலோமீட்டருக்கு முதலாவது 33 பைசா, இரண்டாவது 50 பைசா. வித்தியாசம் 17 பைசா. வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது 2,000 ரூபாய்.

லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், 18 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு எரிபொருள் மட்டும் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய். அதன் பக்கத்தில் இந்தப் பதினேழு பைசா எம்மாத்திரம்? மழை நாளில் பிரேக்கை மிதித்ததும் கார் சில அடி முன்னதாக நிற்பதற்கும், வளைவில் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்பதற்கும் நாம் கொடுக்கும் விலை அவ்வளவுதான்.

வாடகைக் கார் ஓட்டுபவருக்குக் கணக்கு வேறு. மாதம் ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அந்தப் பதினேழு பைசா பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். அவர் ஆயுள் வகையைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஆனால் டயரின் பட்டன் (மேற்பரப்பின் ரப்பர் கட்டிகள்) மொட்டையாகும் வரை ஓட்டக் கூடாது. கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். பள்ளத்தின் அடியில் குறுக்கே ஓடும் சின்ன மேடு, மேற்பரப்பைத் தொட்டுவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது. மலைப்பாதைக்காரர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றத் தயாராவது நல்லது. காய்ந்த சாலையில் தேய்ந்த டயரும் நன்றாகவே பிடிக்கும். அதனால்தான் மழை வரும்வரை ஆபத்து நமக்குத் தெரிவதில்லை.

ஆயுள் நம் கையில்

டயரின் ஆயுளை நிர்ணயிப்பதில் ரப்பருக்கு உள்ள அளவு பங்கு நமக்கும் உண்டு.

முதலில் காற்று. காற்று குறைந்தால் இரண்டு ஓரங்களும் தேயும். அதிகமானால் நடுப்பகுதி தேயும். காற்றழுத்தம் எத்தனை பாயின்ட் (பி.எஸ்.ஐ.) என்று பெட்ரோல் பங்கில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும். அந்த அளவு குளிர்ந்த டயருக்கானது. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான டயரில் சில பாயின்ட் கூடக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது. பத்து டிகிரி வெப்பம் மாறினால் ஏறத்தாழ ஒன்றரை பாயின்ட் மாறும். மாதம் ஒருமுறை, காலையில், ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

காற்றுக்கும் மழைக்கும் ஒரு தொடர்பு உண்டு. தேங்கிய நீரில் வேகமாகப் போகும்போது டயர் தரையை விட்டு நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். எந்த வேகத்தில் அது நடக்கும் என்று அமெரிக்காவின் நாசா 1960-களில் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டது. அதன்படி 33 பாயின்ட் காற்றுள்ள டயர் ஏறத்தாழ 95 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும்; 24 பாயின்ட் என்றால் 80 பக்கமே மிதக்கும். நல்ல பட்டன் இருந்தால் நீர் வெளியேறி இந்த வேகம் உயரும். ஆக, சோம்பலில் பார்க்காமல் விட்ட ஒன்பது பாயின்ட், 15 கிலோமீட்டர் வேகத்துக்கான பாதுகாப்பைத் தின்றுவிடுகிறது.

அடுத்து அலைன்மென்ட். பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகு ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் தள்ளிப்போடாதீர்கள். கோணம் மாறிய சக்கரம், சாலையில் தன்னைத்தானே அரைத்துக்கொண்டே ஓடும். 60,000 கிலோமீட்டர் டயரும் பாதியில் போய்விடும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போட்டால் நான்கும் ஒரே சீராகத் தேயும்.

மூன்றாவது, நம் கால். வளைவில் டயர் மேல் விழும் பக்கவாட்டு விசை, வேகத்தின் இருமடிப்படி கூடும். 30-ல் திரும்ப வேண்டிய வளைவில் 45-ல் திரும்பினால் விசை இரண்டேகால் மடங்கு. ஓட்டும் சுகம் என்பது டயரைக் கதறவிடுவதில் இல்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஒரே சீராகத் திருப்பி, நேரானதும் மெல்ல வேகம் எடுப்பதில் இருக்கிறது. மலையில் எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். பிரேக் அதிகம் சூடாகாது.

ஒரு தவறான பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டு டயர் மட்டும் மாற்றும்போது, புதியதை முன்னால் போடுவதுதான் வழக்கம். பின்னால் போடுவதே சரி. முன்சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும். வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழலும். சாதாரண ஓட்டுநரால் மீட்க முடியாது.

அகலமான டயர் ஆசையும் வேண்டாம். ஸ்விஃப்ட் காரில் அடிப்படை வகைகளுக்கு 165/80 ஆர்14, உயர் வகைகளுக்கு 185/65 ஆர்15 வருகிறது. இரண்டின் மொத்த விட்டமும் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர்தான்; பக்கச் சுவர் மட்டும் 132-லிருந்து 120 மில்லிமீட்டராகக் குறைகிறது. திருப்பம் கூர்மையாகும், பள்ளம் உறுத்தும். கம்பெனி அனுமதித்த இந்த எல்லையைத் தாண்டி அகலமாகவோ தட்டையாகவோ போனால், கொல்லைப் பாதையின் முதல் கூர்க்கல்லில் பக்கச் சுவரும் ரிம்மும் அடிபடும்.

தேய்ந்தது எங்கே போகிறது?

நீண்ட ஆயுளை விரும்ப இன்னொரு நியாயமும் உண்டு. தேய்ந்த ரப்பர் மறைந்துவிடுவதில்லை. மழையில் அடித்துச் செல்லப்பட்டு ஓடையிலும் ஆற்றிலும் சேர்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் கூட்டமாகச் செத்ததற்கு, டயரில் சேர்க்கும் ஒரு ரசாயனத்திலிருந்து உண்டாகும் நச்சே காரணம் என்று 2020-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஒகேனக்கல் சாலையில் நாம் தேய்ப்பதும் மழையோடு இறங்கிக் காவிரியைத்தான் தேடிப் போகும். அதனால் டயரை வீணாகத் தேய்க்காமல் இருப்பது பணத்தை மட்டும் மிச்சப்படுத்துவது அல்ல. பழைய டயரைப் போகிக்கு எரிக்காமல், புதிய டயர் வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுவதும் அந்தக் கடமையில் சேர்த்தி.

கடைக்குப் போகும் முன்...

* சொந்தக் கார், மலைப்பாதைப் போக்குவரத்து: ஈரப் பிடிமானம் நல்ல நடுத்தர வகை.
* மாதம் ஆயிரக்கணக்கில் ஓடும் வாடகைக் கார்: ஆயுள் வகை; மலைப்பாதையில் ஓடினால் 3 மில்லிமீட்டரில் மாற்றம்.
* பெரும்பாலும் மண்பாதை: கம்பெனி சொன்ன அளவில், பக்கச் சுவர் உயரமானது.
* மின்சாரக் கார்: எடை கூடுதல், எடுத்ததும் இழுவிசை அதிகம், டயர் சீக்கிரம் தேயும். அதற்கென்று செய்த டயர்.
* எதை வாங்கினாலும்: தயாரித்த வாரம், ஐ.எஸ்.ஐ. முத்திரை, எடைக் குறியீடு பார்த்து வாங்கி, அன்றே அலைன்மென்ட், பாலன்சிங்.

பாப்பாரப்பட்டி போன்ற ஊரில் இருப்பவருக்கு எங்கள் தீர்ப்பு இது: பிடிமானத்தைக் கடையில் வாங்குங்கள், ஆயுளை வீட்டில் சம்பாதியுங்கள். மழையில் ஒட்டாத டயரை ஒட்டவைக்க எந்த ஓட்டுநராலும் முடியாது. நன்றாக ஒட்டும் டயரை நெடுநாள் ஓடவைக்கக் காற்றும் அலைன்மென்ட்டும் நிதானமான காலும் போதும்.

நாளைக் காலை, காரை எடுப்பதற்கு முன் ஒருமுறை குனிந்து பாருங்கள். நான்கு டயர்களின் பட்டனையும் விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் வீட்டாரைச் சுமந்து போவது அந்த நான்கு உள்ளங்கைகள்தான்.